‘டியூப் எடுத்தாச்சு’: டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரும் படிக்காத ஒரு வரி – நிகழ்வு ஆய்வு

ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பத்தி இப்படி முடிகிறது: “பி.யூ.சி. ரிமூவ்ட் ஆன் பி.ஓ.டி. 2. ரைட் டி.ஜே.எஸ். இன் சிட்டு. ரிவ்யூ ஆஃப்டர் 3 வீக்ஸ் ஃபார் டி.ஜே.எஸ்.ஆர்.”

எழுதியவருக்கு இதில் மயக்கமே இல்லை. வாங்கிக்கொண்டு போன குடும்பத்துக்குப் புரிந்தவை இரண்டு: ‘ரிமூவ்ட்’, ‘3 வீக்ஸ்’. எதையோ எடுத்துவிட்டார்கள்; மூன்று வாரம் கழித்து ஒருமுறை காட்ட வேண்டும். மூன்று வாரத்தில் வலி இல்லை. வலி இல்லாதவர் வேலையை விட்டுவிட்டு எதைக் காட்டப் போவார்? 14 மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, எடுக்காமல் விட்ட குழாயின் இரண்டு முனைகளிலும் கல் வளர்ந்திருந்தது.

இங்கே வருபவர் தனி ஒரு மனிதர் இல்லை. சிறுநீரகவியல் அறுவைப் பிரிவுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே தவறைக் காட்டுவதற்காக, வழக்கமான விவரங்களைக் கோத்து அமைத்த மாதிரிக் கோப்பு இது. அளவுகளும் சொற்களும் அன்றாட ரிப்போர்ட்டுகளில் வருபவைதான்.

முதல் சேர்க்கை

58 வயது ஆண், செங்கல் சூளையில் மேஸ்திரி. நாளெல்லாம் வெக்கையில் நிற்பவர். சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போவதுதான் இயல்பு என்று இருந்தவர். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வழியாகத் தொடையிடுக்கு வரை இறங்கும் வலி, இரண்டு நாளாகக் குளிர்க் காய்ச்சல், வாந்தி. அவசரப் பிரிவுக் குறிப்பில் “டிஸ்யூரியா ப்ரெசென்ட், நோ ஹீமட்யூரியா” என்று எழுதப்பட்டது.

டிஸ்யூரியா என்றால் சிறுநீர் கழிக்கும்போது வலி அல்லது எரிச்சல். நம் ஊர் நீர்க்கடுப்பு. ஹீமட்யூரியா என்றால் சிறுநீரில் ரத்தம். “ரத்தம் எதுவும் வரலைங்க” என்று நோயாளி சொன்னதால் ‘நோ’ என்று எழுதினார்கள். மறுபக்கத்தில் இருந்த யூரின் ரொட்டீனோ, ஆர்.பி.சி. 10–15 என்றது. மகன் இரண்டையும் பார்த்துவிட்டு ரிப்போர்ட் மாறிவிட்டதோ என்று கேட்டான். மாறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் வேறு, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற ரத்தம் வேறு. 400 மடங்கு பெருக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்கு மூன்று சிவப்பணுக்களோ அதற்கு மேலோ இருந்தாலே அது மைக்ரோஸ்கோப்பிக் ஹீமட்யூரியா. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘எச்.பி.எஃப்.’ என்ற மூன்றெழுத்து அந்த வட்டத்தைத்தான் குறிக்கிறது.

அதே தாளில் பஸ் செல்ஸ் 40–50, எபிதீலியல் செல்ஸ் 1–2, நைட்ரைட் பாசிட்டிவ் (கிருமி இருப்பதைக் காட்டும் குறி). பஸ் செல் என்று அச்சிடுவது வெள்ளையணுக்களை. ஐந்து வரை இருந்தால் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பலரும் தாண்டிப் போவது எபிதீலியல் செல் வரியைத்தான். அது நிறைய இருந்தால் தோல், பிறப்புறுப்புப் பகுதியின் அணுக்கள் மாதிரியில் கலந்துவிட்டன என்று பொருள். அப்போது பஸ் செல் எண்ணிக்கையையும் நம்ப முடியாது, மாதிரியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இவருக்கு ஒன்றிரண்டுதான். ஆகவே மாதிரி சுத்தம். சீழ் உள்ளேயிருந்தே வருகிறது.

ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, டெசிலிட்டருக்கு 1.9 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு முகாமில் பார்த்தபோது 1.1. அந்தப் பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவி. அது இல்லாவிட்டால் 1.9 என்பது நேற்று வந்ததா, நாலு வருடமாக இருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. நாள் கணக்கில் ஏறியது ஏ.கே.ஐ. (திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு); மூன்று மாதத்துக்கு மேல் நிலைத்த கோளாறு சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்). குடும்பத்துக்கு இரண்டும் ‘கிட்னி ஃபெயிலியர்’ என்றே காதில் விழும். முன்னது, அடைப்பை எடுத்தால் பெரும்பாலும் இறங்கும். ரிப்போர்ட்டில் அதன் கீழேயே ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 40 என்றும் இருந்தது. அந்த எண், கிரியேட்டினின் ஒரே நிலையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் நாளில் அதைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவது வீண்.

ஸ்கேன் தாள்

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் ஐந்து விஷயங்கள் இருந்தன: வலது பக்கம் மாடரேட் எச்.யூ.என்.; அப்பர் யூரிட்டெரிக் கால்குலஸ் (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் மேல்பகுதியில் கல்); இடது சிறுநீரகத்தில் 1.2 செ.மீ. சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட். புராஸ்டேட் 40 சி.சி.; பி.வி.ஆர். 70 மி.லி.

குடும்பம் பயந்தது மூன்றாவதைப் பார்த்து. “அந்தப் பக்கமும் கட்டியாமே?” சிம்பிள் சிஸ்ட் என்பது மெல்லிய சுவருக்குள் நீர். வயது ஏற ஏறப் பலருக்கும் இருக்கும். சிகிச்சை எதுவும் வேண்டாம். அந்த வரியில் எடை முழுவதும் ‘சிம்பிள்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது ‘காம்ப்ளெக்ஸ்’ என்று மாறியிருந்தால் அடுத்த பரிசோதனை உண்டு.

உண்மையில் பயப்பட வேண்டியிருந்தது முதல் வரிக்கு. எச்.யூ.என். என்பது ஹைட்ரோயூரிட்டெரோநெஃப்ரோசிஸ். நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். உடைத்தால் மூன்று துண்டு. ஹைட்ரோ, நீர். யூரிட்டெரோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய். நெஃப்ரோ, சிறுநீரகம். கீழே அடைத்ததால் மேலே குழாயும் சிறுநீரகத்தின் உட்கூடும் நீர் கோத்து விரிந்திருக்கின்றன. ‘கிட்னி வீங்கியிருக்கு’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். ஆனால் வீக்கம் என்று சொன்னதும், நோய் சிறுநீரகத்தில், மருந்து கொடுத்தால் வற்றிவிடும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். வாய்க்காலில் மடை அடைத்தால் மேல்வயலில் நீர் நிற்பது போல என்று சொன்னால், அடைப்பை எடுக்காமல் மாத்திரை உதவாது என்பது அடுத்த வாக்கியம் இல்லாமலே புரிந்துவிடும்.

புராஸ்டேட் 40 சி.சி. என்பது மூன்று அளவுகளைப் பெருக்கி அதை 0.52ஆல் பெருக்கியது: 4.6 × 4.2 × 4.0 × 0.52. வழக்கமான 20–25ஐ விடப் பெரிதுதான். ஆனால் அளவை வைத்து மட்டும் யாரும் அறுவை செய்வதில்லை. நீர் எப்படிப் போகிறது என்பதே கேள்வி. பி.வி.ஆர். என்பது சிறுநீர் கழித்து முடித்த பிறகும் பையில் தங்கும் மிச்சம். ஸ்கேனுக்காகத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பையை அளவுக்கு மேல் நிரப்பிக்கொண்டு போனால், ஒரே தடவையில் முழுவதும் காலியாகாமல் மிச்சம் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. 70 என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, இப்போதைக்கு விட்டார்கள்.

கல் எங்கே, எவ்வளவு, எத்தனை கெட்டி என்பதற்கு மருந்து ஏற்றாத சி.டி. எடுத்தார்கள்: 9 மி.மீ., 1,150 எச்.யூ., மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டம். எச்.யூ. அடர்த்தியின் அளவு. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குக் கீழே நிற்கும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கரையக்கூடியது. ஆயிரத்தைத் தாண்டியது பொதுவாகக் கால்சியக் கல். வாழைத்தண்டுச் சாறு குடித்தாலும் கரையாது. அளவு 5 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தானாக இறங்கும். 5–10 என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆனால் காய்ச்சலோடு அடைத்திருக்கும் கல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, காத்திருக்கக் கூடாது.

முதலில் வடிகால், பிறகு கல்

கிருமியேறிய நீர் அடைப்புக்கு மேலே தேங்கியிருக்கும்போது கல்லை உடைக்கப் போனால், உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தத்தில் கிருமி நேராக ரத்தத்தில் ஏறும். அதனால் அன்று இரவு வடிகால் மட்டும். அதற்கு இரண்டு வழி: அடைப்பைத் தாண்டி நீர் இறங்கக் கீழிருந்து உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய், அல்லது முதுகு வழியாக நேரே சிறுநீரகத்துக்குள் ஒரு குழாய். இரண்டாவதன் பெயர் பெர்க்யூட்டேனியஸ் நெஃப்ராஸ்டமி, சுருக்கமாகப் பி.சி.என்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டையும் எழுதியிருந்தார்கள். மகள் அதைப் படித்துவிட்டு, “கிட்னியை எடுக்கப் போறீங்களா?” என்று அழுதாள். நெஃப்ராஸ்டமியை நெஃப்ரெக்டமி என்று படித்திருந்தாள். அவள்மேல் குற்றமில்லை. ‘-ஆஸ்டமி’ என்றால் திறப்பு வைத்தல், ‘-எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தல், ‘-ஆடமி’ என்றால் கீறுதல். ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் இடையில் ஒரு சிறுநீரகம் நிற்கிறது. பி.சி.என். என்பதோடு ‘எல்’ சேர்ந்தால் பி.சி.என்.எல்.; அது முதுகு வழியாகக் கல்லை உடைத்து எடுக்கும் அறுவை. குழாய் வைப்பதையும் அறுவையையும் ஒரே எழுத்து பிரிக்கிறது.

ஸ்டென்ட் போட்டாயிற்று, காய்ச்சல் மூன்றாம் நாள் அடங்கியது. கல்ச்சரில் (சிறுநீரிலிருந்து கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) மி.லி.க்கு 1 லட்சத்துக்கு மேல் ஈ. கோலை என்ற கிருமி, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ். இந்த 1 லட்சம் என்ற எல்லை 1950களில் எட்வர்ட் காஸ் வகுத்தது. சிறுநீர் வழித் தொற்றுக்கு இன்றும் அதுவே முதல் அளவுகோல். ஈ.எஸ்.பி.எல். என்பது நோயின் பெயரும் இல்லை, தனிக் கிருமியின் பெயரும் இல்லை. பெனிசிலின் வகையையும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவற்றையும் சிதைக்கும் ஒரு நொதி. அது இருப்பதால் எர்ட்டாபெனெம் 1 கிராம், நாளுக்கு ஒருமுறை ஊசியாகப் போனது.

கல்ச்சர் தாளின் மருந்துப் பட்டியலில் நைட்ரோஃபுரான்டாயின் என்ற மாத்திரைக்கு நேரே ‘எஸ்’ என்று இருந்தது. “மாத்திரையே கேக்குதுன்னு போட்டிருக்கு, எதுக்குத் தினமும் ஊசி?” நியாயமான கேள்வி. எஸ் என்றால் தட்டில் அந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது; ஆர் என்றால் அடங்கவில்லை. ஆர் என்பதை ‘ரைட்’ என்று எடுத்துக்கொண்டு வலது சிறுநீரகம் என நினைப்பவர்களும் உண்டு. ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில் தேங்கும் நீரில்தான் போதிய செறிவுக்கு வரும். சிறுநீரகத் திசுவில் எட்டாது. தட்டில் அடங்குவது ஒன்று, அந்த மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று.

இரண்டாம் சேர்க்கை: தவறு நடந்த நாள்

மூன்று வாரம் கழித்து யூ.ஆர்.எஸ்.எல்.: கீழிருந்து மெல்லிய தொலைநோக்கிக் குழாயை விட்டு லேசரால் கல்லைப் பொடித்தல். பழைய ஸ்டென்டை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள், 6 ஃப்ரெஞ்ச், 26 செ.மீ. ஃப்ரெஞ்ச் என்பது நாட்டைக் குறிப்பதில்லை. பாரிஸ் கருவித் தொழிலாளி ஷாரியேர் வகுத்த அளவு, மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மி.மீ. ஆக 2 மி.மீ. தடிமன். இரு முனையும் ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைந்திருக்கும், அதனால் டபுள் ஜே, டி.ஜே. ஒரு வளைவு சிறுநீரகத்துக்குள், மற்றது சிறுநீர்ப்பைக்குள். வெளியே எதுவும் தெரியாது. இந்த வடிவத்தை ஃபின்னி 1978இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பிருந்த நேர்க்குழாய்கள் நழுவி இறங்கிவிடும்.

அதே அறுவையின் முடிவில் சிறுநீர்ப்பைக்கு ஒரு ஃபோலி கதீட்டரும் வைத்தார்கள். இது வெளியே தெரியும்; பையோடு கட்டிலில் தொங்கும். பி.யூ.சி. என்று தாளில் இருப்பது இதுதான்: பெர் யூரித்ரல் கதீட்டர்.

அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் (தாளில் ‘பி.ஓ.டி. 2’) காலை, பலூனில் இருந்த 10 மி.லி. நீரை உறிஞ்சிவிட்டுக் கதீட்டரை எடுத்த செவிலியர் சொன்னார்: “ஐயா, டியூப் எடுத்தாச்சு. இனி நீங்களே பாத்ரூம் போகலாம்.”

“சரிம்மா. இனி ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்ல. முதல் ரெண்டு தடவ எரியும், தண்ணி நல்லா குடிங்க.”

ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் அந்த வார்டில் கதீட்டரும் டியூப், ஸ்டென்டும் டியூப். உடம்பில் இரண்டு இருப்பது நோயாளிக்குத் தெரியாது. கண்ணால் கண்டது ஒன்று, அது போய்விட்டது. மாலையில் மருத்துவர் அவசரமாகச் சொன்ன “ஸ்டென்ட் உள்ளே இருக்கு, மூணு வாரத்துல வாங்க” என்பதும் காதில் விழாமல் இல்லை. நம் ஊரில் ஸ்டென்ட் என்ற சொல்லை எல்லோரும் முதலில் கேட்பது இதய ரத்தக் குழாய்க்கு. அங்கே ஸ்டென்ட் வைத்தால் வைத்ததுதான். எடுப்பது என்ற பேச்சே கிடையாது. “உள்ளே இருக்கு” என்றபோது, இனி எப்போதும் இருக்கும் என்று குடும்பம் எடுத்துக்கொண்டது. பிறகு தாளில் ‘டி.ஜே.எஸ்.ஆர்.’ என்று வந்ததில் கடைசி ‘ஆர்’ ரிமூவல் என்று யார் கண்டார்?

14 மாதம்

நாலாவது மாதத்திலிருந்து சுமை தூக்கினால் சிறுநீர் சிவந்தது. நீர் கழிக்கும் நேரத்தில் வலது விலாவில் ஒரு இழுப்பு. அடிக்கடி போகும் அவசரம். சூளை வெக்கையில் நிற்பவருக்கு இதற்கெல்லாம் கைவசம் ஒரு விளக்கம் உண்டு: சூடு பிடித்துக்கொண்டது. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினார், இளநீர் குடித்தார். அடங்காதபோது அருகிலிருந்த மருத்துவரிடம் போனார்.

அங்கே மூன்று தடவை யூரின் ரொட்டீன். மூன்று தடவையும் பஸ் செல் 15–20, ஆர்.பி.சி. 20–30; மூன்று தடவையும் ஐந்து நாள் மாத்திரை. ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வரையில், தொற்று இல்லாமலேயே பஸ் செல்லும் ஆர்.பி.சி.யும் வரும், குழாய் சுவரில் உரசுகிறது, அவ்வளவுதான். விலா இழுப்புக்கும் காரணம் அதுவே: சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர் நாளத்தின் கீழ்வாயில் நீர் மேலேறாமல் தடுக்கும் இயற்கை வால்வை ஸ்டென்ட் திறந்தே வைக்கிறது, பை சுருங்கும்போது நீர் சிறுநீரகம் வரை எகிறுகிறது. “உங்களுக்கு ஸ்டென்ட் ஏதாவது இருக்கா?” என்று கேட்டிருந்தால் விடை அரை நிமிடத்தில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை, நோயாளியும், எடுத்தாயிற்று என்று நம்பிய ஒன்றைச் சொல்ல வாய்ப்பில்லை. பழைய சம்மரியின் நோய்ப்பெயர் வரியில் யூரிட்டெரிக் கால்குலஸ் என்று மட்டுமே இருந்தது. ஸ்டென்ட் பற்றிய சொல் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது.

14ஆம் மாதத்தில் நீர் சொட்டுச் சொட்டாக வந்து, ஒரு இரவு நின்றே போனது. பரிந்துரைச் சீட்டில் ‘அனூரியா’ என்று எழுதி அனுப்பினார்கள். அது தவறான சொல். அனூரியா என்றால் சிறுநீர் உற்பத்தியே இல்லை, நாளுக்கு 100 மி.லி.க்கும் கீழே, பை காலியாக இருக்கும். இவருக்கு அடிவயிறு தொப்புள் வரை உப்பியிருந்தது. உற்பத்தி நடக்கிறது, வெளியே வர வழியில்லை: அது ரிடென்ஷன், பழைய தமிழில் நீரடைப்பு. இரண்டுக்கும் முதல் வேலையே வேறு. நீரடைப்புக்கு உடனே கதீட்டர். அனூரியாவுக்குக் கதீட்டர் போட்டால் வருவதற்கு ஒன்றும் இருக்காது, காரணத்தை மேலே தேட வேண்டும்.

கதீட்டர் பாதியில் தடுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் 2.6 செ.மீ. கல், அதன் நடுவில் ஸ்டென்டின் கீழ் வளைவு. மேலே சிறுநீரகத்தில் மேல் வளைவைச் சுற்றி இன்னொரு கல். இரண்டையும் இணைத்து வெள்ளைக் கோடாகக் குழாய். படத்தைக் காட்டியபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: “இதத்தான் அன்னிக்கே எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே?”

இப்படி நேர்வது அபூர்வம் இல்லை. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 விழுக்காட்டில்தான் உப்புப் படிந்திருந்தது. 6–12 வாரத்தில் 47.5, அதற்குப் பிறகு 76.3. சம்மரியில் எழுதியிருந்த ‘3 வாரம்’ என்பது நாகரிகத்துக்காகச் சொன்ன நாள் இல்லை என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது.

மூன்று வாரத்தில் வந்திருந்தால், மரப்பு ஜெல்லி தடவி, சிஸ்டோஸ்கோப் (பைக்குள் பார்க்கும் குழாய்) விட்டு, கொக்கியால் பிடித்து இழுத்தால் சில நிமிடத்தில் முடிந்து அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது இழுக்கவே கூடாது. கல் கட்டிய ஸ்டென்டைப் பலவந்தமாக இழுத்தால் சிறுநீர் நாளமே பிய்ந்து கூட வந்துவிடும். கிரியேட்டினின் 1.6. ரீனோகிராமில் (ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) வலது சிறுநீரகத்தின் பங்கு 28 விழுக்காடு. இரண்டும் சரியாக இருந்தால் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். கல்ச்சர் பார்த்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, பிறகு ஒரே மயக்கத்தில் மூன்று வேலை: பையிலிருந்த கல்லை உடைத்தல், நாளத்துக்குள் லேசரால் படிவைச் சுரண்டுதல், முதுகு வழியாகப் பி.சி.என்.எல். ஸ்டென்ட் மூன்று துண்டாக வந்தது.

எந்தச் சொல் எங்கே வழுக்கியது

கோப்பைத் திரும்பப் படித்தால், கைத்தவறு எங்கும் இல்லை. வழுக்கியவை எல்லாம் சொற்கள். அவற்றிலும் பெரிய குழப்பம் ஒரு ஜோடி: யூரிட்டர், யூரித்ரா. முன்னது சிறுநீரகத்திலிருந்து பைக்கு; 25 செ.மீ. நீளம், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பின்னது பையிலிருந்து வெளியே, ஒன்றே ஒன்று. பேச்சுத் தமிழில் இரண்டுமே ‘சிறுநீர்க் குழாய்’ ஆகிவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன: சிறுநீர் நாளம், சிறுநீர்ப் புறவழி. இலங்கையில் சிறுநீர்க்கான், சிறுநீர்வழி. பள்ளியில் படித்ததை மருத்துவமனை வாசலில் விட்டுவிடுகிறோம். ‘நாளத்துக்குள் ஒரு குழாய், புறவழியில் ஒரு குழாய்’ என்று யாராவது சொல்லியிருந்தால், இரண்டு குழாய் என்பதாவது தெரிந்திருக்கும்.

அடுத்த ஜோடி இன்னும் வம்பு. பையெலோ என்றால் சிறுநீரகத்தின் உட்கூடு. பையோ என்றால் சீழ். தமிழ்க் காதுக்கு இரண்டும் சிறுநீர்ப்பையைச் சொல்வது போலவே ஒலிக்கும், கிரேக்கத்துக்கும் நம் பைக்கும் எந்த உறவும் இல்லை. பையெலோநெஃப்ரைட்டிஸ் என்றால் சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. ஊசி மருந்தில் அடங்கும். பையோநெஃப்ரோசிஸ் என்றால் அடைப்புக்கு மேலே சீழே கட்டிக்கொண்ட சிறுநீரகம்; அன்றே வடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. தொலைபேசியில் ரிப்போர்ட் படித்துக் காட்டுபவர் இந்த ஒரு சொல்லை மட்டும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும்.

நீளமான சொல் எதுவானாலும் அதனிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எங்கே, என்ன, எவ்வளவு. நெஃப்ரோவும் ரீனலும் சிறுநீரகம்; முன்னது கிரேக்கம், பின்னது லத்தீன். ‘ரீனல் கால்குலஸ்’ என்பதில் ரீனலைப் பார்த்தவுடன் ‘ஃபெயிலியர்’ என்று மனம் சேர்த்துக்கொள்கிறது. கால்குலஸ் வெறும் கூழாங்கல். சிஸ்டோ சிறுநீர்ப்பை. ‘-ஐட்டிஸ்’ அழற்சி, ‘-யூரியா’ சிறுநீரில் அல்லது சிறுநீர் கழிப்பதில் உள்ள நிலை. ‘எவ்வளவு’ என்பதற்கு வரும் கிரேடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது: ஹைட்ரோநெஃப்ரோசிஸ் கிரேடு 2 வேறு அளவுகோல், புராஸ்டேட் கிரேடு 2 வேறு.

சித்த மருத்துவம் இதை என்றோ செய்திருக்கிறது. கல்லடைப்பு, சதையடைப்பு, நீரடைப்பு, நீர்ச்சுருக்கு: எது அடைக்கிறது, என்ன ஆகிறது என்று சொல்லிலேயே இருக்கிறது. நவீன நோய்ப்பெயருக்கு இவை அப்படியே ஈடாகிவிடாதுதான். ஆனால் நோயாளியிடம் பேசத் தொடங்குவதற்கு எச்.யூ.என்.னை விட மேல்.

மாற்றியது

முதலில், ஸ்டென்ட் என்ற சொல் கடைசிப் பத்தியிலிருந்து நோய்ப்பெயர் வரிக்கு ஏறியது: ‘வலது ஸ்டென்ட் உள்ளே உள்ளது, எடுக்க வேண்டிய தேதி’ என்று. ‘3 வாரம் கழித்து’ என்பதை நீக்கி, கிழமையோடு தேதி. இன்சிட்டு, எஸ்.பி., சி/ஓ எல்லாம் மருத்துவர்களுக்குள் இருக்கட்டும். அந்த ஒரு வரி தமிழில். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தனிப் பதிவேடு: வைத்த நாள், பக்கம், எடுக்க வேண்டிய நாள், இரண்டு கைபேசி எண். ஒன்று நோயாளியுடையது; மற்றது வேறு வீட்டில் இருப்பவருடையது, ஏனென்றால் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். தேதி கடந்து ஒரு வாரம் ஆனால் அழைப்பு. கடைசியாக, ஸ்டென்ட் இருக்கும் எக்ஸ்ரேயை வீட்டுக்குப் போகும் முன் காட்டுவது. வெள்ளைக் கோட்டை ஒருமுறை பார்த்தவர், அது எப்போது போகும் என்று தானே கேட்கிறார்.

இந்தச் சீட்டை நடைமுறைப்படுத்தியதும் ஒரு சிக்கல் வந்தது. ‘ஸ்டென்ட் எடுக்கும் தேதி’ என்று எழுதியதைச் சிலர் அதுவரை வரவே கூடாது என்று படித்தார்கள். காய்ச்சல் வந்தும் தேதிக்காகக் காத்திருந்தார்கள். பிறகு கீழே இன்னொரு வரி சேர்ந்தது: குளிர்க் காய்ச்சல், ரத்தக் கட்டி, சிறுநீர் நின்றுபோதல், இவற்றில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் வரவும். சிறுநீர் லேசாகச் சிவப்பது, அடிக்கடி போகத் தோன்றுவது, விலாவில் இழுப்பு ஆகியவை குழாய் இருக்கும் வரை இருக்கும்.

மூன்றாம் அறுவைக்குப் பிறகு அவர் உடம்பில் மூன்று குழாய்கள்: முதுகில் நெஃப்ராஸ்டமி, புறவழியில் கதீட்டர், நாளத்தில் புது ஸ்டென்ட். முதலது இரண்டாம் நாள் போனது, கதீட்டர் மூன்றாம் நாள். அன்று செவிலியர் விரல் மடக்கி எண்ணிக் காட்டினார்: “ஐயா, மூணுல ரெண்டு எடுத்தாச்சு. ஒண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு. வெளிய தெரியாது.”

“எப்ப எடுப்பீங்க?”

“சீட்டுல தேதி இருக்கு, படிங்க.”

அவர் கண்ணாடியைத் தேடினார். மகள் படித்துக் காட்டினாள். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்பே வந்து காத்திருந்தார். எடுத்த குழாயைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள்: 26 செ.மீ., நுனியில் மணல் போலக் கொஞ்சம் படிவு, மற்றபடி முழுசு. கிரியேட்டினின் 1.4இல் நின்றது.